உங்கப்பா படம் செவுத்துல இல்லை

கண்ணு,

இந்தக் கடுதாசிய உன்ற மாமன் ஏர்போர்ட்டுல உன்ற கையில குடுப்பான். கோயமுத்தூர்ல இருந்து நம்ம ஊடு வந்து சேர ஒரு மணி நேரமாவது ஆகும். அதுக்குள்ள இத முழுசா படிச்சு முடிச்சுரு. பாதியில மடிச்சு வெச்சுட்டு மாமங்கூட ஊர்க்கதை பேசாத. இதுல என்ன எழுதியிருக்குதுன்னு அவனுக்குத் தெரியாது. போன்லயே சொல்லியிருக்கலாமேன்னு நீ கேப்ப. போன்ல சொன்னா நீ குறுக்க பேசுவ, நான் கத்துவேன், ரெண்டு பேர்ல ஒருத்தரு பட்டுனு கட் பண்ணிருவோம். இதுவரைக்கும் நமக்குள்ள அப்படித்தான நடந்திருக்குது? கடுதாசிய கட் பண்ண முடியாது. அதான் மூணு நாளா உக்காந்து எழுதறேன்.

ஊட்டுக்குள்ள வந்ததும் நீ மொதல்ல ஹால் செவுத்தத்தான் பாப்ப. உங்கப்பா போய் ஆறு வருசமா நீ எப்ப வந்தாலும், செருப்பக் கழட்டறதுக்கு முன்னாடி அவரு படத்தத்தான் பாப்ப. இந்தத் தடவ அங்க ஒரு ஆணி மட்டுந்தான் இருக்கும். படம் இருந்த எடத்துல மட்டும் பெயிண்ட் புதுசாட்டத் தெரியும், சுத்தியும் வெளுத்திருக்கும். பிரேம் மாத்தக் குடுத்திருக்கேன்னு நான் உங்கிட்டச் சொன்னது பொய். உன்ற கல்யாணத்துக்கு மொதப் பத்திரிகைய அவரு படத்துக்கு முன்னால வெச்சுக் கும்பிடோணும்னு ஒறம்பரையெல்லாம் கூடி வந்தாங்களே, அவங்க அத்தன பேருகிட்டயும் அதே பொய்யத்தான் சொன்னேன். வெறும் ஆணிக்குக் கீழ பத்திரிகைய வெச்சுட்டு விழுந்து கும்பிட்டு எந்திரிச்சேன். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலை.

நீ பத்து நாளைக்கு முன்னால போன் பண்ணி, "அம்மா, அந்தச் சிரிக்கற போட்டோ பைல அனுப்பு, மேடையில பெருசா போட்டு வெக்கலாம்"னு சொன்ன. நாளைக்கு அனுப்பறேன் கண்ணுன்னேன். அதுக்கடுத்த நாள் நெட் வரலைன்னேன். அப்புறம் போன் ரிப்பேர்னேன். என்ற கிட்ட பைல் இல்லை சாமி. ரெண்டு வருசமா இல்லை. எப்படி இல்லாமப் போச்சுன்னு சொல்றதுக்குத்தான் இத்தன பேச்சும்.

அந்தப் போட்டோ நீ எடுத்தது. உங்கப்பா வேல செஞ்ச நிட்டிங் கம்பெனிக்கு வெளிய, டீக்கடை பெஞ்சுல, தலையெல்லாம் பஞ்சு ஒட்டிக்கிட்டு, அந்தச் செங்கல் கலர் டீசர்ட்டப் போட்டுட்டு, முன்பல்லு உடைஞ்சது தெரியத் தெரியச் சிரிப்பாரே, அது. கேமராவக் கண்டாலே மொகத்த இறுக்கிக்கற மனுசன். எங்க கல்யாண ஆல்பத்துல பாரு, போலீஸ் ஸ்டேசன்ல எடுத்த படமாட்ட நிப்பாரு. அது பழைய காலத்துப் படம், இன்னும் கலர் போகாமத்தான் இருக்குது. ஆனா அது இருபத்தெட்டு வயசு ஆளு, உனக்கு அவரத் தெரியாது. நீ பாத்து வளந்த அப்பா சிரிச்சுட்டு இருக்கற படம்னா இது ஒண்ணுதான். அப்புறம் நாலே மாசத்துல நெஞ்சு வலின்னு உக்காந்தவரு எந்திரிக்கலை.

காரியத்துக்குப் படம் வேணும்னு ஒரு ஸ்டூடியோவுல குடுத்தோம். அவன் உங்கப்பாவுக்குக் கோட்டும் டையும் மாட்டி உட்டுட்டான். ஏனுங்க, எங்க ஊட்டுக்காரரு ஆயுசுக்கும் கோட்டு போட்டதில்லீங்க, செத்த பொறவு எந்த ஆபீசுக்குப் போறாருன்னு கேட்டேன். துக்க ஊட்டுல அத்தன பேரும் சிரிச்சுப் போட்டாங்க, நீயும் சிரிச்ச. அதத் திருப்பிக் குடுத்துட்டு, வீரபாண்டியில என்ற கம்பெனி ஆபீசுல இருந்த கலர் பிரிண்டர்ல நானே ஒரு படம் போட்டுட்டு வந்தேன். சாம்பிளோட அனுப்பற பேப்பரெல்லாம் அதுலதான் போடுவாங்க. பாட்டில்ல இருந்து ஊத்தி ரொப்பற மை. நல்லாப் பளபளன்னு வந்துச்சு. கண்ணாடி பிரேம் போட்டு, மேக்க பாத்த ஜன்னலுக்கு எதுத்தாப்புல மாட்டி, மாலை போட்டு, எல்லாரு ஊட்டுலயும் இருக்கறாப்புல ஒரு சின்ன பல்பு வெச்சேன். ராத்திரி பகல் அணையக்கூடாதுன்னு உங்கிட்டயும் சொல்லி வெச்சேன்.

இதுல என்ற முட்டாத்தனம் எவ்வளவுன்னு உனக்குப் புரியோணும். இருவத்திரண்டு வருசமா கம்பெனி லேப்ல நான் பாக்கற வேலையே, துணிச் சாயம் வெளிச்சத்துல வெளுக்குதான்னு பாக்கறதுதான். துணியில பாதிய அட்டை போட்டு மூடி, மீதிப் பாதிய வெளக்குக்கு முன்னால நாள்கணக்கா காட்டுவோம். அப்புறம் கிரே ஸ்கேல வெச்சுப் பாப்போம். ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் சாம்பல் நெறக் கட்டம் போட்ட ஒரு சின்ன அட்டை அது. மூடின பாதிக்கும் மூடாத பாதிக்கும் வித்தியாசமே இல்லைன்னா அஞ்சு. மொத்தமா வெளுத்துப் போச்சுன்னா ஒண்ணு. சாயம் போட்டுக் குடுக்கற எத்தன டையிங் மொதலாளி என்ற முன்னால வந்து, "அக்கா, பாத்துப் போட்டு உடுங்கக்கா"ன்னு கெஞ்சியிருக்கான்! ஒருத்தனுக்கும் அரைப் புள்ளி கூட்டிப் போட்டதில்லை. ஊரான் துணிக்கு அத்தன கேள்வி கேக்கற நான், கட்டின புருசன் மொகத்துக்கு என்ன மையின்னு ஒரு வார்த்தை கேக்கலை. வெயிலையும் காட்டி, வெளக்கையும் காட்டி, டெஸ்ட் மிசினுக்குள்ள மாட்டறாப்புல மாட்டி வெச்சுட்டேன்.

கம்பெனியில எந்தக் கலர் ஓகே ஆனாலும் ரெண்டு பீஸ் எடுப்போம். ஒண்ணு எல்லாரும் பாக்கறதுக்கு மேசை மேல. இன்னொண்ணு கருப்புக் கவர்ல போட்டு பீரோவுக்குள்ள. நாளைக்கு ஒரு தகராறுன்னா கவர்ல இருக்கறதுதான் பேசும். கவர்ல இருக்கற பீஸாட்ட, என்ற போன்ல அந்தப் பைல் இருந்தாச் சரின்னு நெனச்சேன். உன்ற போன ஜெர்மனியில ரயில்ல எவனோ அடிச்சுட்டுப் போனப்பக்கூட நீ, "போட்டோவெல்லாம் போச்சும்மா, நல்ல வேளை அப்பா படம் உங்கிட்ட இருக்குது"ன்னுதான் சொன்ன.

இப்பச் சொல்லப் போறதப் படிச்சுட்டு வண்டிய நிறுத்தச் சொன்னாலும் சொல்லு.

ரெண்டு வருசத்துக்கு முன்னால, தீவாளிக்கு மறுநாள் காலையில போன் பண்ணி, கோமதியத்தான் கட்டிக்குவேன்னு சொன்ன. தூத்துக்குடிப் பக்கத்துல இருந்து பொழைக்க வந்த டெய்லர் புள்ள, நம்ம சனமில்லை, நம்ம பேச்சில்லைன்னு நான் என்னென்னமோ பேசினேன். உங்கப்பா இருந்தா நீ இப்படித் துணிஞ்சிருப்பியான்னு கேட்டேன். அதுக்கு நீ, "அப்பாவுக்குத் தெரியும்மா, அவரு சரின்னுட்டாரு"ன்ன. எனக்கு எங்கிருந்து வந்துச்சோ அந்த ஆங்காரம்! செத்த மனுசன் எந்திரிச்சு வந்து இல்லைன்னு சொல்ல மாட்டாருன்னு அவரு மேல பழியப் போடறியா, நீயெல்லாம் எனக்குப் பொறந்தவனான்னு கேட்டேன். நீ கட் பண்ணிட்ட. என்ற பேச்சுக்கு நீ அதத்தான் செஞ்சிருக்கோணும்.

ஆனா எனக்கு ஆறலை. போன எடுத்து, நீ அனுப்பின மெசேஜ் அத்தனையும் அழிச்சேன். உன்ற பேரு அந்தப் போன்லயே இருக்கக்கூடாதுன்னு ஒரு வெறி. போட்டோவையும் சேத்து அழிக்கட்டுமான்னு அந்தப் போனே கேட்டுது கண்ணு. ஆமான்னு அமுக்கினேன். உன்ற மொகத்தைப் பாக்க வேண்டாம்னு அமுக்கினேன். உங்கப்பா படமும் உன்ற மெசேஜ்லதான இருக்குதுன்னு எனக்கு அப்ப உறைக்கலை. ரெண்டு நாள் கழிச்சு வெளக்கு வெக்கறப்ப செவுத்தப் பாத்தேன், அப்பத்தான் உறைச்சுது. ஓடிப் போய்த் தேடினேன். எங்கயும் இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரு எப்பவோ மாத்தியாச்சு. உன்ற மேல இருந்த கோவத்துல உங்கப்பாவ நானே அழிச்சுப் போட்டேன்.

அஞ்சு மாசம் நீ பேசலை, நானும் பேசலை. அந்த அஞ்சு மாசமும் செவுத்துல இருக்கற படம் மட்டுந்தான் மிச்சம்னு தெரிஞ்சுக்கிட்டே அதப் பாத்துட்டு இருந்தேன். பாக்கப் பாக்கச் செவப்பு எறங்கிட்டே வந்துச்சு. மொகம் பச்சை பாரிச்சுது. லேப்ல இருந்து கிரே ஸ்கேல பைக்குள்ள போட்டு ஊட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். புருசன் மொகத்துக்கு கிரேடு போட்ட பொம்பள இந்த ஊருல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். மொதல்ல மூணு போட்டேன். பல்ப அணைச்சேன், ஜன்னலுக்குத் தெரை போட்டேன். அப்பவும் நிக்கலை. ஆறு மாசத்துல ரெண்டு. உடைஞ்ச பல்லு எங்க, ஒதடு எங்கன்னு தெரியலை. நீ ரெண்டு வருசமா வராததால பாக்கலை, பத்திரிகை வெக்க ஒறம்பரை வர்றதுக்கு முன்னால கழட்டி ஒளிச்சு வெச்சுட்டேன். உன்ற கல்யாணத்துக்குச் சரின்னு சொன்னேன் பாரு, அது மனசாரச் சொன்னதில்லை. படமும் போயி நீயும் போயிட்டா எனக்கு என்ன இருக்குதுங்கற பயத்துல சொன்னது. அதையும் இங்கயே சொல்லிப் போடறேன்.

போன வாரம் நம்மூரு ராயபுரத்துல வேற ஒரு ஸ்டூடியோவுக்குத் தூக்கிட்டுப் போனேன். நல்ல மனுசன், அம்பது வயசிருக்கும். பிரேமத் திருப்பிப் பின்னட்டைய எடுத்துட்டு, "ஏனுங்கம்மா, படம் கண்ணாடியில ஒட்டிக்கிச்சுங்க. நடுவுல அட்டை வெக்காம மாட்டியிருக்கறீங்க. இதப் பிரிக்கக் கூடாதுங்க, கண்ணாடியோட வெச்சே காப்பி எடுத்துக்கலாம்"னாரு. ஓரத்துல பிரேமுக்கு அடியில மறைஞ்சிருந்த எடத்துல, உங்கப்பா தோள்பட்டையில ஒரு வெரக்கடை அளவுக்கு அந்தச் செங்கல் கலரு அப்படியே இருந்துச்சு. மூடின பாதி! அதப் பாத்ததும் எனக்குப் புத்தி கெட்டுப் போச்சு. உள்ள முழுசும் அப்படித்தான் இருக்கும்னு ஒரு நெனப்பு. அந்தாளு போன் பேசத் திரும்பின நேரத்துல, மூலையப் புடிச்சு இழுத்துட்டேன். சர்ருனு ஒரு சத்தம். தாடையும் கழுத்தும் கண்ணாடியிலயே நின்னுக்கிச்சு, பேப்பர்ல வெள்ளையாப் போச்சு. அந்தாளு என்னைப் பாத்தாரு. ஒரு டம்ளர் தண்ணி கொண்டு வந்து வெச்சாரு.

அப்புறம் கம்ப்யூட்டர்ல ஏத்தி, ஏஐல போட்டா சரியாகிருமுங்கன்னாரு. சரின்னேன். அர நிமிசத்துல ஒரு மொகம் வந்துச்சு. நல்ல செவப்பா, முப்பத்திரண்டு பல்லும் வரிசையா, டூத்பேஸ்ட் வெளம்பரத்துல வர்ற ஆளாட்ட. யாருங்க இதுன்னு கேட்டேன். உங்க ஊட்டுக்காரருதானுங்கன்னாரு. இல்லீங்க, எனக்கு இவரத் தெரியாதுங்கன்னு சொல்லிட்டு அழுதுட்டேன். கடைக்கு வந்தவங்கெல்லாம் பாத்தாங்க, பாக்கட்டும். அப்பத்தான் அவரு கேட்டாரு: "உங்க பையன் இந்தப் படத்த அந்தக் காலத்துல வேற யாருக்காச்சும் அனுப்பியிருப்பாருங்களா?"

நீ யாருக்கு அனுப்பியிருப்பன்னு எனக்குத் தெரியாதா? கடை வாசல்ல நின்னுக்கிட்டு அரை மணி நேரம் கோமதி நம்பரைப் பாத்தேன். கல்யாணப் பேச்சு முடிஞ்ச பொறவும் அந்தப் புள்ளைய நான் ஒரு தடவகூடக் கூப்பிட்டதில்லை. பொடவை எடுக்கப் போனப்பக்கூட அவங்கம்மாகிட்டத்தான் பேசினேன். அமுக்கினேன். மொத ரிங்லயே எடுத்துட்டா. வேற ஒண்ணும் கேக்காம, அந்தச் சிரிக்கற போட்டோ உங்கிட்ட இருக்குதான்னு கேட்டேன்.

"இருக்கு அத்தை. போன்ல இல்ல, ரெண்டு போனு மாத்தியாச்சி. பிரிண்டு போட்டு வச்சிருக்கேன். ஏன் அத்தை, அழுதியளா?"ன்னா.

டீச்சர் வேல பாக்கற ஸ்கூலுக்கு லீவு சொல்லிட்டு ஒரு மணி நேரத்துல நேரா கடைக்கே வந்துட்டா. மார்க் சீட்டு, சர்டிபிகேட்டெல்லாம் வெக்கற பைலக் கொண்டு வந்திருந்தா. அதுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் கவரு, அதுக்குள்ள ஒரு காகித உறை, அதுக்குள்ள உங்கப்பா. உள்ளங்கை அகலந்தான் படம். தலையில பஞ்சு, உடைஞ்ச பல்லு, செங்கல் கலர் டீசர்ட்டு, பெஞ்சு மேல டீ கிளாசு, எல்லாம் இருக்குது. ஸ்டூடியோக்காரரு வாங்கிப் பாத்துட்டு, "இது மையில்லீங்க, கலர் லேப்ல போட்டோ பேப்பர்ல எடுத்த பிரிண்டுங்க. இருட்டுல இருந்ததால நின்னுருக்குது"ன்னாரு. நான் பீரோவுல வெக்க மறந்த பீஸ, எந்தப் புள்ளைய ஊட்டுக்குள்ள உட மாட்டேன்னு நின்னனோ அந்தப் புள்ள வெச்சிருக்கறா. எனக்கு மொகத்த எங்க வெச்சுக்கறதுன்னு தெரியலை.

மாமாவ நீ பாத்ததே இல்லையே கண்ணு, எதுக்கு இதப் பிரிண்டு போட்டன்னு கேட்டேன். அவ படத்தத் திருப்பிக் காட்டினா. பின்னால பேனாவுல அவ எழுத்துல ரெண்டு வரி. நீ படம் அனுப்பினப்ப அதுக்குக் கீழ எழுதி அனுப்பினதாம். அப்படியே எழுதி வெச்சிருக்கறா. 'சொல்லிட்டேன். சிரிக்கறாரு.'

வண்டியில உக்காந்து இதப் படிக்கறப்ப உனக்கு எப்படி இருக்கும்னு தெரியலை. நான் அந்த ஸ்டூடியோ ஸ்டூல்ல உக்காந்துட்டேன். இத்தன வருசமா, பக்கத்துல எவனோ ஏதோ சொன்னதுக்குச் சிரிச்சிருக்கறாருன்னுதான் நெனச்சேன். என்ற மகன் ஒரு புள்ளையப் பத்திச் சொன்னதக் கேட்டுச் சிரிச்ச சிரிப்பு அது. அந்தச் சிரிப்புக்குத்தான் ஆறு வருசம் மாலை போட்டேன். அந்தச் சிரிப்பத்தான், அதே புள்ள வேண்டாம்னு அழிச்சேன். நீ பொய் சொல்லலை சாமி. உன்னைப் பொய்யன்னு சொன்னேனே, எனக்குப் பொறந்தவனான்னு கேட்டேனே, அந்த வாய என்ன செய்யறது?

கோமதிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன், அழிச்சது, இழுத்தது, பொய் சொன்னது எல்லாம். அதுக்கு அவ, "அவ்வொகிட்ட நான் சொல்ல மாட்டேன் அத்தை. பைலு கெட்டுப்போச்சின்னு சொல்லிருவோம். நமக்குள்ளயே இருக்கட்டும்"னா. நல்ல மனசுலதான் சொன்னா. ஆனா எனக்கு பகீர்னு இருந்துச்சு. மருமக ஊட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாலயே மாமியாக்காரியோட சேந்து உங்கிட்ட ஒரு பொய்யக் காப்பாத்தோணுமா? வேண்டாம் கண்ணு, நானே சொல்லிக்கறேன்னேன். அதனாலதான் இந்தக் கடுதாசி. படம் கெடைச்சுருச்சு, நான் மூச்சு உடாம இருந்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்காது. தெரியோணும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் ஒண்ணு சொல்றேன். நாளைக்கு நீயும் அவளும் சண்டை போடுவீங்க. கத்து, கதவச் சாத்து, சாப்பிடாமப் படு. கோவத்துல எதையும் அழிக்க மட்டும் போகாத. அழிக்கட்டுமான்னு கேட்டா, போன வெச்சுட்டு வெளிய ஒரு நட நடந்துட்டு வா. அப்புறம் உங்க கல்யாணப் படத்த ஒண்ணுக்கு ரெண்டா பிரிண்டு போடுங்க, ஒண்ணு செவுத்துக்கு, ஒண்ணு பீரோவுக்கு. எதுல போடறாங்க, எத்தன வருசம் நிக்கும்னு வெக்கப்படாமக் கேளு. ராயபுரத்துக்காரரு கோமதி கொண்டு வந்த படத்தப் பெருசாக்கித் தர்றப்ப, டையிங் மொதலாளியக் கேக்கறாப்புல அத்தன கேள்வியும் கேட்டுப்போட்டேன், மனுசனுக்கு வேர்த்துருச்சு. ரெண்டு படம் தந்திருக்கறாரு. ஒண்ணு செவுத்துக்கு, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவுல அட்டை வெச்சிருக்குது. இன்னொண்ணு கருப்புக் கவர்ல பீரோவுல இருக்குது.

அந்தச் செங்கல் கலர் டீசர்ட்ட நான் வெளிய எடுத்ததே இல்லை. நேத்து எடுத்து, லேப்ல வெளக்குக்குக் கீழ விரிச்சு, கோமதி படத்தப் பக்கத்துல வெச்சு, கிரே ஸ்கேலப் புடிச்சுப் பாத்தேன். அஞ்சு போடச் சொல்லி மனசு அடிச்சுக்கிச்சு. நாலரைதான் வந்துச்சு, நாலரைதான் போட்டேன். இனி எதுலயும் கூட்டிச் சொல்றதில்லை.

ஞாயித்துக்கெழமை மேடைக்கு அந்தப் படத்தக் கோமதிதான் கொண்டு வருவா. அது அவ படம். ஊட்டுல வடக்குச் செவுத்துல, வெயில் படாத எடமாப் பாத்துக் கோடு போட்டு வெச்சிருக்கேன், எனக்கு எட்டலை. ஆணியும் சுத்தியும் டிவி பக்கத்துல இருக்குது. கிழிஞ்ச படத்தையும் எறியலை, அதையும் நீ பாக்கோணும். வாசல்ல நிப்பேன். கோவம் வந்தா என்ற மூஞ்சிக்கு நேராவே கத்து, கேட்டுக்கறேன். பேசாம மட்டும் இருந்துராத.

நானும் சொல்லிட்டேன், கண்ணு. நீ சிரிக்கோணும்னு இல்லை. ஊட்டுக்கு வா.

அம்மா